ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்: கேசட் நாடாவைக் கொண்டு வீட்டில் சோதனை இசை செய்யும் முறை

கேசட் நாடாவில் ஒரு நொடி என்பது 4.76 சென்டிமீட்டர். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது வகுத்த வேகம் அது. வானொலியும் கேசட்டும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன்னும், ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக் கேட்கும் விலையுயர்ந்த கேசட் டெக்கும் நாடாவை இதே வேகத்தில்தான் இழுக்கின்றன. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால், நாடாவை வைத்து வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இசையின், அதாவது பதிந்த ஒலிகளை நறுக்கியும் உருமாற்றியும் புதிதாக அமைத்துப்பார்க்கும் இசையின், நுட்பங்கள் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும். நாடாவில் நேரம் என்பது நீளம். நீளத்தை அளவுகோலால் அளக்கலாம், பிளேடால் நறுக்கலாம், முனையோடு முனை ஒட்டி வளையமாக்கலாம், விரலால் தடுத்துத் தாமதப்படுத்தலாம். இவற்றுக்குச் சின்தசைசரோ கணினியோ தேவையில்லை. முறையான இசைப்பயிற்சிகூடக் கட்டாயமில்லை. பொறுமையும் நல்ல வெளிச்சம் விழும் ஒரு மேசையும் மட்டும் கட்டாயம் வேண்டும்.

இந்த வழி புதிதன்று. ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனம் மேக்னடோஃபோன் என்னும் நாடாப் பதிவுக் கருவியைப் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைத்தது 1935-இல். எகிப்திய இசையமைப்பாளர் ஹலீம் எல்-தாப் 1944-இல் கெய்ரோவில், நாடாவுக்கு முந்தைய கம்பிப் பதிவுக் கருவியில், ஸார் என்னும் பேயோட்டும் சடங்கின் குரல்களைப் பதிந்து, அவற்றை எதிரொலிக்க விட்டு உருமாற்றி ஒரு படைப்பைச் செய்தார். பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் 1948-இல் ரயில் ஓசைகளைக் கொண்டு செய்த முதல் சோதனைகள் இசைத்தட்டுகளில் நிகழ்ந்தவை. ஒரே சுற்றில் திரும்பத் திரும்ப ஓடுமாறு பள்ளம் வெட்டிய தட்டுதான் பின்னாளைய நாடா வளையத்துக்கு மூத்த அண்ணன். நம் நாட்டிலும் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் ஒரு மின்னணு இசைக் கூடத்தை அமைத்துக்கொடுத்தார். அங்கே இந்தியர்கள் சிலர் 1972 வரை செய்த நாடாப் பதிவுகள் அரை நூற்றாண்டு பெட்டிக்குள் கிடந்துவிட்டு 2023-இல்தான் வெளியாயின. ஆயினும் அந்தக் கூடங்களுக்கு இருந்த வசதிகளில் கால்வாசிகூட இல்லாமலேயே, பழைய கேசட் கருவி இரண்டை வைத்துக்கொண்டு அவற்றின் அடிப்படை நுட்பங்கள் அனைத்தையும் வீட்டில் செய்துபார்க்க முடியும்.

கருவிகள்

தொடக்கத்துக்கு ஏற்றது பேட்டரியில் ஓடும், ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட, செருப்புப் பெட்டி அளவிலான சாதாரண டேப் ரெக்கார்டர். அதைத் திறந்து கைவைக்கும்போது மின்சார ஆபத்து இல்லை என்பது முதற்காரணம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் டெக்கைத் திறக்க நேர்ந்தால் செருகியைப் பிடுங்கிவிட்டே திறக்க வேண்டும். மின்தேக்கிகளில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மின்வழங்கிப் பகுதியின் பக்கமே கையைக் கொண்டுபோகாதிருப்பது நல்லது. இரண்டாவது காரணம் ஒலியைப் பற்றியது. இவ்வகைக் கருவிகளில் பதிவு அளவை இயந்திரமே கூட்டிக் குறைக்கும் சுற்று ஒன்று இருக்கிறது. அமைதி நிலவும்போது அது மெல்ல மெல்ல அளவை உயர்த்தி அறையின் இரைச்சலை மேலே கொண்டுவரும், திடீரென்று ஒரு பாத்திரம் விழுந்தால் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கச்சேரியைப் பதிபவருக்கு இது பெருங்குறை. நமக்கோ காசில்லாமல் கிடைத்த ஒரு வாத்தியம்.

இரண்டாவது கருவியாக ஒரு டெக் இருந்தால், அளவை நாமே கட்டுப்படுத்தலாம். வாய்ப்பிருந்தால் நான்கு தடக் கேசட் கருவி ஒன்றைத் தேடலாம் (தடம் என்பது நாடாவின் நீளவாக்கில் ஓடும் தனித்தனி ஒலிப்பட்டை). டாஸ்காம் நிறுவனம் 1979-இல் போர்ட்டாஸ்டூடியோ என்ற பெயரில் தொடங்கிவைத்த இவ்வகைக் கருவிகள், சாதாரண கேசட்டின் இரு பக்கங்களுக்குமான நான்கு தடங்களையும் ஒரே திசையில் பயன்படுத்துகின்றன. விலை அதிகம் என்பதால் இதை முதலிலேயே வாங்குமாறு நான் சொல்லமாட்டேன்.

பழைய கருவியை வாங்கும்போது, நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுருதி பதிந்த கேசட் ஒன்றைக் கையோடு எடுத்துச்செல்லுங்கள்; சுருதிப்பெட்டியின் ஒலியே போதும். அது ஓடும்போது ஸ்வரம் அலைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பல ஆண்டுகள் சும்மா கிடந்த கருவிகளில் பெல்ட் தார்போல இளகி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டிருக்கும். அதைத் துடைத்தெடுத்து வேறு பெல்ட் மாட்டலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருக்களில் பழைய பெல்ட்டின் சுற்றளவைச் சொல்லி விசாரிக்கலாம். சிறிதளவு அலைவதை நான் சரிசெய்வதில்லை. பின்னால் சொல்லப்போகும் இரட்டை வளையத்துக்கு அது உதவும்.

வேலை தொடங்குமுன் ஹெட்டை, அதாவது நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியவும் படிக்கவும் செய்யும் உலோகத் தலையை, துடைக்க வேண்டும். ஏன் என்பதையும் நீளக் கணக்கே காட்டும். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை, நாடாவில் 4.76 மைக்ரோமீட்டர் நீளமே பிடிக்கிறது. ஹெட்டின்மேல் அதே அளவு தடிமனுக்கு அழுக்கு படிந்து நாடாவை விலக்கிவைத்தால், அந்த உச்ச ஒலி அநேகமாக முழுவதும் மறைந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் மெல்லிய உலோகத் தண்டையும் துடைத்து, பஞ்சில் பழுப்பு நிறம் வராத வரை தொடருங்கள். அத்தண்டோடு ஒட்டி உருளும் ரப்பர் உருளையை மட்டும் லேசான சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலரவிடலாம்.

நாடாவைப் பொறுத்தவரை, சாதாரண இரும்பு ஆக்சைடு வகை 60 நிமிடக் கேசட் போதும். 90, 120 நிமிடக் கேசட்டுகளில் அதே கூட்டுக்குள் அதிக நீளத்தை அடைக்க நாடாவை மெல்லியதாக்கியிருப்பார்கள். நறுக்கி ஒட்டும் வேலைக்கு அது சுருண்டு மடங்கி எரிச்சலூட்டும். கூட்டின் மூலைகளிலும் நடுவிலும் ஐந்து திருகாணிகள் உள்ள கேசட்டாகப் பார்த்து எடுங்கள். ஒட்டி மூடப்பட்டதை உடைக்காமல் திறக்க இயலாது. பதிவு அழியாமல் காக்க மேல்விளிம்பின் காது (சிறு பிளாஸ்டிக் துண்டு) உடைக்கப்பட்டிருந்தால், அந்தக் குழியின்மேல் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பதைக் கேசட் காலத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டுப் பரணிலிருந்து எடுத்த கேசட்டை நறுக்குமுன் இரு பக்கமும் முழுவதும் கேட்டுவிடுங்கள். பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்துக் கடையில் பதிந்துவாங்கிய கேசட்டின் கடைசி இரண்டு நிமிட வெற்றிடத்தில்தான், யாரோ விளையாட்டாகப் பதிந்த பாட்டியின் குரல் இருக்கும்.

வளையம் செய்தல்

நாடா இசையின் அரிச்சுவடி வளையம்தான். இங்கே அவசரப்படக்கூடாது, நான் செய்த முதல் நான்கு வளையங்களும் சிக்கி நின்றன.

கேசட்டின் ஐந்து திருகாணிகளையும் கழற்றி, அதை மேசையில் படுக்கவைத்து, மேற்கூட்டை நேராகத் தூக்குங்கள். கீழ்க்கூட்டில் இருப்பவை எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும்: இரு மூலைகளிலும் சிறு உருளைகள், நடுவில் ஹெட்டை நோக்கி நாடாவை அழுத்தும் பஞ்சுத் திண்டு, வழுவழுப்பான இரண்டு மெல்லிய தாள்கள், இரண்டு பற்சக்கரங்கள். தொடங்குமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால், பின்னால் எந்தத் துண்டு எங்கிருந்தது என்று தேட வேண்டாம். நாடாவை முழுவதும் எடுத்துவிட்டு, சக்கரங்களை மட்டும் திரும்ப வையுங்கள்.

இப்போது நாடா செல்லவேண்டிய பாதையை ஒரு நூலால் அளந்துகொள்ளுங்கள். இடப்பக்க உருளை, ஹெட்டுக்கு எதிரான கீழ்விளிம்பு, வலப்பக்க உருளை, அங்கிருந்து வலச் சக்கரத்தின் வெளிப்புறம், பிறகு இடச் சக்கரத்தின் வெளிப்புறம், மீண்டும் இடப்பக்க உருளை என்று ஒரு சுற்று. கூட்டுக்குக் கூடு சிறிது மாறினாலும் இது ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் வரும்; அதாவது 5 நொடி. இந்த நீளத்தில் நாடாவை நறுக்குங்கள். காந்தம் ஏறிய பிளேடால் வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டப்’ என்ற ஓசை பதியும். ஆகவே புதிய பிளேடை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டில், சாய்வாக வெட்டினால் அவை பிசகின்றிப் பொருந்தும். செங்குத்தாக வெட்டினால் இணைப்பில் ஒலி சட்டென்று மாறும். 45 பாகைச் சாய்வில் ஓர் ஒலி இன்னொன்றுக்குள் கண்ணிமைக்கும் நேரத்தில் கரையும். தாளமுள்ள ஒலிக்குச் செங்குத்து வெட்டும் நீண்ட ஒலிக்குச் சாய்வு வெட்டும் பொருந்தும்.

ஒட்டுவதற்குச் செலோடேப்பைப் பயன்படுத்தவே கூடாது. அதன் பசை வெப்பத்தில் கசிந்து ஹெட்டிலும் ரப்பர் உருளையிலும் ஒட்டும். நம் ஊர் வெயிலுக்கு இது ஓரிரு நாளிலேயே நடந்துவிடும். இதற்கென விற்கப்படும் ஸ்ப்ளைசிங் டேப்பில் ஒன்றரை சென்டிமீட்டர் துண்டை எடுத்து, நாடாவின் முதுகில், அதாவது கூட்டுக்குள் சக்கரங்களைப் பார்த்திருக்கும் உட்புறத்தில் ஒட்டுங்கள். ஹெட்டைத் தொடும் வெளிப்புறம்தான் காந்தப் பூச்சு உள்ள பக்கம். அங்கே ஒட்டினால் ஒலி அறுந்துபோகும். பட்டை நாடாவைவிட அகலமாக இருந்தால் ஓரங்களை மயிரிழை உள்ளடங்குமாறு சீவிவிடுங்கள். இணைப்பில் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது, இடைவெளி தெரியவும் கூடாது.

வளையத்தைப் பாதையில் இட்டு, கூட்டை மூடுமுன் ஒரு பென்சிலால் வலச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். மிக இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறிச் சுருதி தள்ளாடும்; தொய்வாக இருந்தால் ரப்பர் உருளை நாடாவைத் தின்றுவிடும். தொய்வு கொஞ்சம்தான் என்றால் மறுபடி வெட்டவேண்டாம். எடுத்துப்போட்ட நாடாவில் சிறிதை ஒரு சக்கரத்தின்மேல் சில சுற்றுகள் சுற்றி முனையை ஒட்டிவிட்டால் சக்கரம் பருத்துத் தொய்வை வாங்கிக்கொள்ளும். வலச் சக்கரம் தடையின்றிச் சுழல்வதும் முக்கியம். அது நின்றால் நாடா முடிந்துவிட்டதென்று எண்ணிச் சில டெக்குகள் தாமாகவே நின்றுவிடும். மூடிய பிறகு ஐந்து திருகாணிகளையும் இறுக்கி முறுக்காதீர்கள். கூடு நெரிந்தால் நாடா உரசும்.

வெற்று வளையத்தில் பதியும்போது ஒரு விநோதத்தைக் கவனிக்கலாம். பதிவுப் பொத்தானை அழுத்தி ஒரு நிமிடம் பேசினாலும், அழிக்கும் ஹெட் ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றைத் துடைத்துக்கொண்டே வருவதால், கடைசி 5 நொடி மட்டுமே எஞ்சும். எனவே எந்தக் கணத்தில் நிறுத்துகிறோம் என்பதே இங்கு இயற்றுதல். கிரைண்டரின் ஓட்டம், தோசைக்கல்லில் நீர் தெளிக்கும் ஓசை, மழைநீர் சொட்டும் தகரம் போன்ற, தமக்குள்ளேயே ஓர் அசைவுள்ள ஒலிகளை எடுத்துக்கொண்டால் வளையம் உயிரோடு சுழலும். பாட்டின் துண்டை வளையமாக்குவதை நான் விரும்புவதில்லை; பழகிய காது அது எங்கே வெட்டப்பட்டது என்பதையே எண்ணிக்கொண்டிருக்கும். பொம்மைகளிலும் மணியொலிப்பான்களிலும் இருக்கும் வட்டமான பீசோ தகட்டைக் கழற்றி, இரண்டு கம்பிகளை ஒரு மைக் செருகியில் பற்றவைத்தால், பொருள்களின் உடலதிர்வைக் கேட்கும் தொடு மைக் ஒன்று கிடைக்கும். அதை இட்லிக் குண்டானின் மூடியில் ஒட்டி நீர் கொதிப்பதைப் பதிந்து பாருங்கள். தகட்டுக்கும் மூடிக்கும் இடையே ஒரு ரப்பர்த் துண்டு இருந்தால் சூடு தாக்காது.

முன்கூட்டியே தாளம் அமைத்துப் பதியவேண்டுமானால் மறுபடி அளவுகோலை எடுங்கள். 24 சென்டிமீட்டரை எட்டாகப் பகுத்தால் ஓர் அட்சரத்துக்கு 3 சென்டிமீட்டர். ஓர் ஆதி தாள ஆவர்த்தனம் ஒரு வளையத்தில் அடங்கிவிடும். 3 சென்டிமீட்டர் என்பது 0.63 நொடி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 தட்டு. தனித்தனியாகப் பதிந்த ஓசைகளை 3 சென்டிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி வரிசையாக ஒட்டியும் தாளம் அமைக்கலாம். எட்டு இணைப்புகளை ஒட்டி முடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இரண்டு வளையங்கள்

ஒரே ஒலியை இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால், அவை ஒருபோதும் சேர்ந்தே ஓடுவதில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1965-இல் சான் பிரான்சிஸ்கோ தெருப் பிரசங்கி ஒருவரின் குரலை இவ்வாறு இரட்டை வளையமாக ஓடவிட்டபோது, இயந்திரங்களின் சிறு வேக வேறுபாட்டால் குரல்கள் மெல்ல விலகியதே அவருக்கு ஒரு முழுப் படைப்பாயிற்று. நாமும் தற்செயலை நம்பலாம், கணக்கிட்டும் செய்யலாம். ஒரு வளையம் 24 சென்டிமீட்டர், மற்றது 25 சென்டிமீட்டர் என்று வைத்தால், முதலாவது 25 சுற்றும் இரண்டாவது 24 சுற்றும் சுற்றிய பிறகே இரண்டின் தொடக்கங்களும் மறுபடி சந்திக்கும். 600 சென்டிமீட்டர், அதாவது 2 நிமிடம் 6 நொடி. ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு ஒரு முழு இசைத்துண்டின் நீளத்தைத் தீர்மானித்துவிட்டது. நடைமுறையில் மோட்டார்களின் வேகம் ஒன்றாக இராததால் இந்தக் கணக்கு பிசகும், பிசகட்டும். தம்பூராவின் ஒற்றைத் தந்தியை இரு வளையங்களிலும் பதிந்து இரு ஸ்பீக்கர்களையும் அறையின் எதிரெதிர் மூலைகளில் வைத்து நடுவில் உட்கார்ந்து கேட்பவருக்கு, சந்திப்புகளைவிட விலகல்களே சுவையானவை என்பது விளங்கும்.

அழியாமல் பதிதல்

அழிக்கும் ஹெட் நாடாவைத் தொடாமல் செய்துவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய ஒலி பழையதன்மேல் படியும். அஞ்சலட்டை கனமுள்ள அட்டையில் சிறு துண்டை வெட்டி, இடப்பக்கத்திலுள்ள அழிக்கும் ஹெட்டின் முகத்தில் மடித்து ஒட்டினால் போதும். நாடா அட்டையின்மேல் வழுக்கிச் செல்லும். விலை குறைந்த கருவிகளில் அந்த ஹெட் ஒரு நிலைக்காந்தமாக இருக்கலாம், அப்போது அட்டை சற்றுத் தடிமனாக இருக்கவேண்டும். கம்பியை வெட்டிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். பல கருவிகளில் அழிக்கும் ஹெட்டின் சுருள், பதிவுக்கு வேண்டிய உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை உண்டாக்கும் சுற்றின் ஒரு பகுதியாகவே இருப்பதால், அதை வெட்டினால் பதிவே கெட்டுப்போகலாம். அட்டையை வேண்டாதபோது உரித்துவிடலாம். வெட்டிய கம்பியை அப்படிச் செய்ய முடியாது.

இந்த முறையில் மேலே சேரும் ஒலிக்கும் அடியிலிருக்கும் ஒலிக்கும் சமமான இடம் கிடைப்பதில்லை. பதிவு ஹெட்டிலிருந்து வரும் அந்த உயர் அதிர்வெண் மின்னோட்டமே பழைய பதிவை, முதலில் அதன் உச்ச ஒலிகளையும் பிறகு மற்றவற்றையும், சிறிது சிறிதாக மங்கச்செய்கிறது. பத்தாவது சுற்றில் முதல் சுற்றின் ஒலி சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்கும். ஆகவே அடித்தளமாக இருக்கவேண்டியதை முதலிலும், தெளிவாக முன்னே நிற்கவேண்டியதைக் கடைசியிலும் பதிய வேண்டும். ஒருமுறை படிந்ததைத் திரும்பப் பெறும் பொத்தான் இங்கில்லை. நன்றாக வந்துவிட்டது என்று தோன்றிய கணத்திலேயே நிறுத்தி, வேறொரு கருவியில் அதைப் படியெடுத்துக்கொண்ட பிறகு மேலே செல்லுங்கள்.

வேகம்

நாடாவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலேறும், நேரம் பாதியாகும்; பாதி வேகத்தில் ஓட்டினால் அதற்கு நேரெதிர். ஏறத்தாழ 6 சதவிகித வேக மாற்றம் அரைக் கட்டை சுருதியை மாற்றும். பெரும்பாலான கேசட் கருவிகளின் மோட்டாரின் பின்புறத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதனுள்ளே தெரியும் குட்டித் திருகைப் பிளாஸ்டிக் பிடியுள்ள மெல்லிய திருப்புளியால் மெதுவாகத் திருப்பினால் வேகம் மாறும். தொடங்குமுன் அது நின்ற நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். மின்னணு வேலை தெரிந்தவர் உதவினால் அத்திருகுக்குப் பதிலாக அதே மதிப்புள்ள திருகு குமிழ் ஒன்றை வெளியே கம்பியிட்டுப் பொருத்தலாம். பிறகு ஓர் ஒலி வளையத்தின்மீது கமகம் வைக்கலாம். நான்கு தடக் கருவிகள் சிலவற்றில் 9.5 சென்டிமீட்டர் வேகமும் உண்டு. குக்கர் விசிலை அதில் பதிந்து 4.76-இல் ஓட்டினால் அது துறைமுகத்துக் கப்பலின் சங்காகிவிடும்.

பின்னோக்கி

கேசட்டைத் திருப்பிப் போட்டால் பாட்டு பின்னோக்கி ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாதாரண கருவியில் அப்படி நடக்காது. திருப்பும்போது நாடாவின் மறுபாதித் தடங்கள் ஹெட்டின்முன் வருகின்றன, அவை ஏற்கெனவே எதிர்த்திசையில் பதியப்பட்டவை என்பதால் முன்னோக்கியே ஒலிக்கின்றன. நான்கு தடக் கருவியில் மட்டும் நான்கு தடங்களும் எப்போதும் ஹெட்டின்முன் இருப்பதால், பதிந்த கேசட்டைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் பின்னோக்கி வரும். அவ்வாறே புதிய தடத்தில் பதிந்து மறுபடி திருப்பினால், புதியது மட்டும் பின்னோக்கி ஒலிக்கும். மணியோசையோ வீணையின் மீட்டோ இப்படித் திரும்பும்போது தேய்விலிருந்து பிறந்து மீட்டில் முடியும்.

நான்கு தடக் கருவி இல்லாதவர்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. ஒரு நாடாவில் அரை நிமிடம் முதற்பக்கத்தில் பதிந்து, சுற்றாமல் அப்படியே திருப்பிப் போட்டு அதே பகுதியில் இரண்டாம் பக்கத்தையும் பதியுங்கள். அதிலிருந்து ஒரு மீட்டர் நாடாவை வெட்டி, முனைகளை ஒட்டுமுன் ஒரு முனையை அரைத் திருப்பு முறுக்கி ஒட்டுங்கள். இந்த வளையம் கூட்டுக்குள் அடங்காது. கூட்டின் மேல்விளிம்பில் இரண்டு சிறு வாய்களை அறுத்து, நாடாவை வெளியே விட்டு, கேசட் மூடியைக் கழற்றிய கருவியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியைச் சுற்றித் திரும்பவரச் செய்ய வேண்டும். முதற்சுற்றில், ஒரு மீட்டருக்கு 21 நொடி வீதம், முதற்பக்கம் முன்னோக்கி ஒலிக்கும். முறுக்கின் காரணமாக இரண்டாம் சுற்றில் நாடாவின் முதுகு ஹெட்டைப் பார்க்க, இரண்டாம் பக்கம் பின்னோக்கி, அதுவும் உச்ச ஒலிகளெல்லாம் நாடாவின் தடிமனில் தொலைந்து, தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கலாக ஒலிக்கும். 42 நொடிக்கு ஒருமுறை பகலும் இரவும்போல் அவை மாறிமாறி வரும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அறையில் காற்று வீசினால் நாடா பறந்து சிக்கிவிடும்.

இடைவெளியும் அறையும்

கூடில்லாமல் திறந்த சுருள்களில் நாடா ஓடும் ஸ்பூல் வகைக் கருவிகள் இரண்டு கிடைத்தால், நாடாவை முதற்கருவியில் பதிந்து, சுருட்டாமல் நேராக இரண்டாம் கருவிக்குக் கொண்டுசென்று அங்கே ஒலிக்கச் செய்யலாம். நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவுக்கு ஒரு மீட்டர் இடைவெளி 5.25 நொடித் தாமதத்தைத் தரும். மேசைகளை நகர்த்தினால் தாமதம் மாறும். இரண்டாவதன் வெளியீட்டை ஒலிகளைக் கலக்கும் ஒரு சிறு மிக்ஸர் வழியாக முதலாவதன் உள்ளீட்டுக்குத் திருப்பிவிட்டால், வாசித்த ஸ்வரம் ஒவ்வொரு தடவையும் சற்று மங்கியபடி திரும்பத் திரும்ப வந்து அடுக்கடுக்காகச் சேரும். திருப்பிவிடும் அளவைக் குமிழில் கைவைத்தபடியே மெல்லக் கூட்டுங்கள். எல்லை தாண்டினால் ஊளையாகிவிடும்.

ஸ்பூல் இல்லாதவர் அறையையே கருவியாக்கலாம். ஆல்வின் லூசியர் என்னும் அமெரிக்க இசையமைப்பாளர் 1969-இல் தம் பேச்சை ஓர் அறையில் ஒலிக்கவிட்டு அதைப் பதிந்து, அந்தப் பதிவை மீண்டும் அதே அறையில் ஒலிக்கவிட்டுப் பதிந்து, சொற்கள் கரைந்து அறையின் அதிர்வுகள் மட்டும் எஞ்சும்வரை தொடர்ந்தார். இரண்டு கேசட் கருவிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடையாது. இங்கும் நீளமே சுருதி. 3.4 மீட்டர் நீள அறையின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். அதைச் சிறு ஸ்பீக்கர் எழுப்பாது என்பதால் அதன் மடங்குகளே முன்வரும். 1.5 மீட்டர் அகலமுள்ள குளியலறையில் அது ஏறத்தாழ 114 ஹெர்ட்ஸ், ஆண்குரலின் தாழ்ந்த ஸ்வரத்துக்குப் பக்கம்; அதனால்தான் அங்கே பாடுபவர் எல்லோரும் தம்மைப் பாடகரென்று நம்புகிறார்கள். மைக்கையும் ஸ்பீக்கரையும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வையுங்கள், இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்துவிடுங்கள். ஏழெட்டுப் படிகளுக்குள் நாடாவின் இரைச்சலே ஒரு ஸ்வரமாகத் திரண்டு வருவதைக் கேட்கலாம்.

இறுதியில், ஓடும் வளையங்களையும் வேகக் குமிழ்களையும் கையால் இயக்கியபடியே எல்லாவற்றையும் ஒரு மூன்றாவது கருவியிலோ கணினியிலோ ஒரே மூச்சில் பதிந்துவிடுவது என் வழக்கம். துண்டு துண்டாகப் பதிந்து பின்னர் திரையில் அடுக்கினால், அளந்து வெட்டிய உழைப்பு ஒலியில் தெரிவதில்லை. ஒவ்வொரு வளையத்தின் கூட்டிலும் அதன் நீளம், பதிந்த கருவி, வேகம், ஓடவேண்டிய பக்கம் ஆகியவற்றை உடனே எழுதி ஒட்டுங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் நாடாவின்மேல் வெள்ளைப் பூஞ்சை படியும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஸ்பீக்கரின் காந்தத்திலிருந்து தள்ளி வையுங்கள். பல மாதம் கழித்து எடுக்கும் வளையத்தை முதலில் பென்சிலால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, இணைப்பு விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகே கருவியில் இடவேண்டும்.